பட்ஜெட்டுக்கு மறுநாள் பால்கோவா

எங்கள் வீட்டுக்குப் பால்கோவா வருவதற்கும் பண்டிகைக்கும் சம்பந்தம் கிடையாது. பிப்ரவரி கடைசியில் டெல்லியில் பட்ஜெட் வாசிப்பார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கமிஷன் ஏஜெண்ட் அப்பாவின் பட்டறைக்கு டிரங்க் கால் போடுவார். வெளிநாட்டு மில் சாமான்கள் மேல் இறக்குமதி வரி ஏறியிருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால், அப்பா போனை வைத்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிடுவார். ராஜபாளையத்திலேயே பால்கோவா கிடைக்கும். ஆனால் வரி ஏறின சந்தோஷத்துக்கு உள்ளூர்ச் சரக்கு போதாது என்பது அவர் எண்ணம். கோவில் பக்கத்துக் கடையில் சூடு ஆறாமல் வாங்கி வந்து, முதல் விள்ளலைப் பட்டறையில் கம்பி வளைக்கிற பிரஸ்ஸுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பிறகுதான் எங்களுக்குத் தருவார். எண்பதுகளில் அநேகமாக வருடாவருடம் தின்றோம்.

அப்பாவுக்குச் சாமி பக்தி கொஞ்சம். அய்யனார் கோவிலுக்குக்கூட அருவியில் குளிக்கத்தான் போவார். நிதியமைச்சர் பக்திதான் அதிகம். எந்தக் கட்சி வந்தாலும், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவருக்குக் கவலையில்லை. வரியைக் குறைக்காமல் இருந்தால் போதும்.

அவர் செய்து விற்றது டிராவலர். நூற்பாலையில் ஒவ்வொரு கதிரைச் சுற்றியும் ஓர் இரும்பு வளையம் இருக்கும். அந்த வளையத்தின் மேல் கவ்விக்கொண்டு ஓடுகிற எஃகுக் கொக்கிக்குப் பெயர்தான் டிராவலர். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. நூல் அதற்குள் நுழைந்துதான் கதிரில் சுற்றும். கண்ணால் பார்க்க முடியாத வேகத்தில் ஓடி ஓடித் தேய்ந்துபோகும், மாற்ற வேண்டும். மில் ஓடுகிறவரைக்கும் அதற்கு வியாபாரம் உண்டு. ராஜபாளையத்தில் மில்லுக்கா பஞ்சம்.

சுவிட்சர்லாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகிற டிராவலர் வெள்ளி மாதிரி மின்னும். ஆனால் லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்கினாலும் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் வரியோடு சேர்ந்து விலை இரண்டு மடங்கைத் தொட்டுவிடும். அதனால் பெரிய மில்கள்கூட ஏதோ ஒன்றிரண்டு மெஷினுக்கு மட்டும் அதை வாங்கிப் போட்டுவிட்டு, மீதி எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் வந்து நிற்கும். அப்பாவின் டிராவலர் எண்ணெயில் முக்கியெடுத்த கறுப்பு நிறத்தில் இருக்கும். பாலீஷ் போட வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பாலீஷ் போகட்டும். எஃகுக் கம்பியை வெட்டி வளைத்து, உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கினால் கொக்கி கெட்டியாகும். ஆனால் கண்ணாடி மாதிரி ஒடியவும் செய்யும். அதனால் இரண்டாவது தடவை இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்து எடுக்க வேண்டும். பட்டறையில் அதற்கு ரெண்டாம் சூடு என்று பெயர். ஆரம்பத்தில் அப்பா ரெண்டாம் சூடு போட்டார். பிறகு நேரத்தைப் பாதியாகக் குறைத்தார். பிறகு பெரிய ஆர்டர் வரும்போது மட்டும் போடாமல் விட்டார். அப்புறம் அந்த உலையையே அணைத்துவிட்டு அதன் மேல் சாக்கு மூட்டைகளை அடுக்கினார். ஏன் என்று உலைக்காரர் கேட்டபோது அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ரெண்டாம் சூடு போட்டாத்தான் வாங்குவேம்னு எவன் சொல்லுதான்? ஒடிஞ்சா மறுபடி நம்மகிட்டதான வருதான். சீக்கிரம் ஒடியட்டும்."

மில் ஸ்டோர்ஸ் அதிகாரி ஒருவர் மாதாமாதம் பட்டறைக்கு வருவார். அவருக்கு உட்கார ஒரு முக்காலி உண்டு, அதில் ஒரு கால் ஆடும். அப்பா அவரை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்து, காது குடைந்து, டீ வரவழைத்துத் தான் மட்டும் குடித்துவிட்டு, அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்பார்.

"போன லாட்டுல பாதிக்குப் பாதி ஒடிஞ்சு தெறிக்கு, அண்ணாச்சி. சைடுல நிக்கவே பொம்பளயாளுக பயப்படுதாக."

"அப்ப ஜப்பான்ல வாங்கிக்கிடுங்க" என்பார் அப்பா. பட்டறையில் எல்லாரும் சிரிப்பார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போவார்.

நான் அப்போது கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். இறக்குமதித் தீர்வையின் வரலாறு பாடமாக இருந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் மான்செஸ்டர் துணி இங்கே தாராளமாக வந்து இறங்கியது. கஜானா காலியானபோது அதன் மேல் கொஞ்சம் வரி போட வேண்டி வந்தது. உடனே அந்த ஊர் முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, இங்கே உள்ள மில் துணிக்கும் அதே மாதிரி ஒரு வரியைப் போட்டுச் சரிக்கட்டினான். அந்தச் சூடு பட்டதால் சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆட்கள் கதவை இழுத்துச் சாத்தினார்கள். உள்ளே இருக்கிற தொழில் பச்சைக் குழந்தை, அது வளரும்வரை வெளிக்காற்று படக் கூடாது என்றார்கள். பேராசிரியை 'குழந்தைத் தொழில்' என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தக் குழந்தைக்கு வழுக்கை விழுந்து, தொந்தி சரிந்து, மீசைக்கு மை பூசிக்கொண்டு பால்கோவா தின்றுகொண்டிருந்தது.

அப்பாவின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. நல்ல கம்பியும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், அதன் மேலும் வரி. அந்த வரியின் நிழலில் உள்ளூர்க் கம்பிக்காரர் கொழுத்தார். அவருடைய மட்டமான கம்பியில் அப்பா மட்டமான டிராவலர் செய்தார். மில்காரர் அதைப் போட்டு முடிச்சு முடிச்சாக நூல் நூற்றார். கடைசியில் துணி வாங்குகிறவன் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்தான். ஒருவரை ஒருவர் குறை சொல்ல முடியாத கச்சிதமான ஏற்பாடு. ஆனால் ரெண்டாம் சூட்டை நிறுத்தச் சொல்லி டெல்லியில் எவரும் சட்டம் போடவில்லை. அது அப்பாவே கண்டுபிடித்தது.

சித்தி, அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளை வன்னியம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்து அதே வீட்டில் குடிவைத்ததும், கட்டின சேலையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்த அன்று அவள் தட்டில் அம்மா சோறு போடும்போது அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடுட்டி. புருஷனத்தான் விட்டுட்டு வந்திருக்கா, வயித்த விட்டுட்டு வரலல்லா."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவருடைய வேடிக்கை எல்லாமே இப்படித்தான் இருக்கும். சித்தி சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து கை கழுவினாள். அந்த மாதமே ஒரு மில்லில் சைடராகச் சேர்ந்தாள். ஓடுகிற மெஷினின் இரண்டு பக்கத்துக்கும் சைடு என்று பெயர். அங்கே நின்று அறுந்த நூலை எடுத்து ஒட்டி, தேய்ந்த டிராவலரை மாற்றிப் போடுகிற வேலை. முதல் சம்பளத்தில் அரிசியும், அதைப் போட்டு வைக்க மூடி போட்ட ஒரு தகர டப்பாவும் வாங்கி வந்தாள். மறுநாளிலிருந்து காலையில் அம்மா உலை வைத்ததும், தன் டப்பாவிலிருந்து ஓர் உழக்கு அரிசியைக் களைந்து அதே உலையில் தன் கையால் போடுவாள். காய்கறிக்கும் மளிகைக்கும் தன் பங்கை அம்மாவிடம் தனியாகக் கொடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு தட்டில் எவ்வளவு விழுந்தாலும் தலை நிமிர்ந்து சாப்பிடுவாள்.

"எம்புட்டு ரோசம் பாரேன்" என்று அப்பா சிரிப்பார். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நகை கேட்கவில்லை, இன்னொரு கல்யாணம் கேட்கவில்லை. அத்தான் வீட்டில் அத்தான் அரிசியைத் தின்னக் கூடாது, அவ்வளவுதான். அந்த டப்பா நிறைய வேண்டுமானால் மில் வேலை இருக்க வேண்டும்.

அவள் நின்ற மில்லில் அப்பாவின் டிராவலர்தான் ஓடியது. இரண்டு மெஷினில் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. அதற்கு ஃபாரின் சைடு என்று பெயர். அங்கே நூல் அறுவது அபூர்வம் என்பதால் அந்த வேலைக்குப் பெண்களுக்குள் போட்டி இருந்தது. சித்திக்கு ஃபாரின் சைடு கிடைத்த நாள் எங்களுக்குத் தெரிந்துவிடும். தலையில் பஞ்சோடு வீட்டுக்குள் நுழையும்போதே அப்பாவின் காதில் விழுகிற மாதிரி சொல்லுவாள்.

"இன்னைக்கு மகாராணி கணக்கா நின்னுட்டு வாரேங்க்கா. ஒரு இழை அறல."

மற்ற நாளில் கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "அத்தான், ஒங்க சரக்கு ஓடுத சைடுல ஓடி ஓடி உசுரு போகுது" என்பாள்.

"ஒடம்பு எளைக்கும்லா. நல்லதுதான" என்பார் அப்பா.

நான் கல்லூரி கடைசி வருடம் படிக்கும்போது அது நடந்தது. அன்று அவளுக்குச் சாதாரண சைடுதான். அறுந்த நூலை எடுக்கக் குனிந்தபோது ஒரு டிராவலர் ஒடிந்து தெறித்து இடது கண்ணில் ஏறிவிட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்த துண்டை ஊசி மருந்துக் குப்பி ஒன்றில் பஞ்சு வைத்து டாக்டர் கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கொசு என்றே சொல்லலாம், அவ்வளவு சிறியது. அப்பா குப்பியை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். துண்டு கறுப்பாக இருந்தது.

"நம்ம சரக்கு இல்ல. ஃபாரின்" என்றார் அப்பா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் குப்பியை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் கண் நன்றாகத்தான் தெரியும். "ஆமா, ஃபாரின்தான்" என்றாள்.

விஷயம் இதுதான். மில்லில் விசாரணை வைத்திருந்தார்கள். அப்பாவின் டிராவலர் தானாக ஒடிந்து ஒருத்தியின் கண்ணைக் கொண்டுபோனது என்று எழுத்தில் ஏறினால், அந்த மில் சரக்கைத் திருப்பி அனுப்பும். ஒரு மில் அனுப்பினால் ஊரெல்லாம் அனுப்பும். வெளிநாட்டு டிராவலர் என்று சொல்லிவிட்டால் அப்பா தப்பித்தார். ஆனால் வெளிநாட்டு டிராவலர் லேசில் ஒடியாது என்பது மில்லில் எல்லாருக்கும் தெரியும். அப்படிச் சொன்னால் மாட்டினவள்தான் சரியாக மாட்டவில்லை, குற்றம் அவளுடையது என்று ஆகும். இது அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், கண்ணில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சித்திக்கும் தெரியும்.

"அப்பிடிச் சொன்னா என் வேல போயிருமே அத்தான்."

"அதெல்லாம் ஒண்ணும் போகாது. ஸ்டோர்ஸ்ல நான் சொல்லுதேன்."

"நெசத்தச் சொல்லிட்டா என்ன?"

அம்மாதான் சொன்னாள். தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே, தாழ்ந்த குரலில், அன்பாகத்தான் சொன்னாள்.

"பட்டற நின்னு போச்சுன்னா நாங்க எங்க போவோம்? நீ எங்க போவ? வன்னியம்பட்டிக்கா?"

அம்மாவை நான் அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்பாவிடம் எதிர்பார்ப்பு இல்லை, அதனால் கோபமும் ஓரளவுக்குத்தான்.

சித்தி விசாரணையில் ஃபாரின் சைடு என்று சொன்னாள். அன்று அவள் எந்த மெஷினில் நின்றாள் என்று மேஸ்திரிக்குத் தெரியும். அவருக்கு அப்பா தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறவர், அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை. கவனக்குறைவு என்று முடிவானது. நிரந்தர வேலையில் இருந்தவளைப் பதிலியாக மாற்றினார்கள். யாராவது வராத அன்றைக்கு மட்டும் அழைத்து நிறுத்துகிற ஆள். வேலை போகாது என்று அப்பா சொன்னது பொய்யில்லை, வேலையின் தோலை உரித்துவிட்டு எலும்பைக் கொடுத்தார்கள். டப்பாவில் அரிசி சில வாரம் அடியைத் தொட்டது. அப்போதெல்லாம் சித்தி காலையில் அரை உழக்குதான் போடுவாள், அன்று அரை வயிறுதான் சாப்பிடுவாள்.

அடுத்த பட்ஜெட்டில் வரி மறுபடியும் ஏறியது. அப்பா பால்கோவா வாங்கி வந்து சித்தியின் கையிலும் ஒரு விள்ளல் வைத்தார். அவள் அதை வாசலுக்குக் கொண்டுபோய்த் தெரு நாய்க்கு வைத்துவிட்டு வந்தாள். நாய் நக்கி நக்கித் தின்றது. "நல்ல நாயிதான், ருசி தெரியுது" என்றார் அப்பா.

பிறகு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணமாயிற்று. அங்கேயே ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொருளாதார ஆசிரியையாகச் சேர்ந்தேன். பாடப்புத்தகத்தில் 'இறக்குமதித் தீர்வையின் நன்மைகள்' என்று ஒரு பத்தி, 'தீமைகள்' என்று ஒரு பத்தி. யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று அதில் இருக்காது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

தொண்ணூறுகளில் டெல்லியில் காற்று திசை மாறியது. கையில் அந்நியச் செலாவணி இல்லை, கடன் கொடுக்கிறவன் கதவைத் திறக்கச் சொல்கிறான் என்று பேப்பரெல்லாம் எழுதியது. லைசென்ஸ் போயிற்று. வரி ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்பா முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு வருடம், மில் உதிரி பாகங்களுக்கு ஒரேயடியாகக் குறைத்துவிட்டார்கள்.

பட்ஜெட்டுக்கு மறுநாள் சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வரும்போது சித்தி என் வீட்டு வாசலில் நின்றாள். ஷிஃப்ட் முடிந்து நேரே பஸ் ஏறியிருக்கிறாள், தலையில் பஞ்சுகூடப் போகவில்லை.

"வா புள்ள, பால்கோவா வாங்கணும். எந்தக் கடைன்னு எனக்குத் தெரியாது. ஒங்கப்பன் வாங்குத கடையிலதான் வாங்கணும்."

அவள் என்னிடம் சிரித்துப் பேசி வெகு காலம் ஆகியிருந்தது. வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ராஜபாளையம் போனோம். அப்பா பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிரங்க் கால் வந்திருக்கும், அவர் சட்டையை மாட்டவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. சித்தி பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கோங்க அத்தான். வரி எறங்கியிருக்காம்லா."

அப்பா பொட்டலத்தைத் தொடவில்லை. அம்மாவுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏட்டி, ஒன் நெஞ்சுல ஈரமே இல்லயா?"

"இருந்துச்சுக்கா. கண்ணோட போயிருச்சு."

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. நானும் ஒரு விள்ளல் எடுத்து அப்பாவின் எதிரிலேயே தின்றேன். அத்தனை வருடத்தில் எனக்கு ருசித்த பால்கோவா அதுதான். சித்தியும் சந்தோஷமாக இருந்தாள். இனி மில் முழுக்க ஃபாரின் சைடுதான், எவள் கண்ணும் போகாது, காலும் வலிக்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் நியாயம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தோம். பொருளாதாரம் படித்தவள் நான், நானும்தான் நினைத்தேன்.

அப்பாவின் பட்டறை சீக்கிரமே படுத்தது. டிராவலர் மேல் இருந்த வரியைக் குறைத்த புண்ணியவான்கள், அதைச் செய்கிற கம்பியின் மேல் இருந்த வரியை அப்படியே விட்டுவிட்டார்கள். நல்ல கம்பி வாங்கிச் செய்தால் ஜப்பான் சரக்கைவிட விலை அதிகம் வந்தது. அப்பா கடைசி முயற்சியாக மூட்டைகளை இறக்கிவிட்டு ரெண்டாம் சூட்டு உலையைப் பற்றவைத்துப் பார்த்தார். உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. உலைக்காரரும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றார்கள். சிலர் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிக்குப் போனார்கள். அப்பா யாரையும் வழியனுப்பவில்லை.

அவர் மில் ஸ்டோர்ஸுக்குப் போய் ஆர்டர் கேட்க வேண்டிய காலமும் வந்தது. நான் கேள்விப்பட்டதுதான். அதே அதிகாரி அவரை மத்தியானம் வரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டாராம்.

"அண்ணாச்சி, ஜப்பான்ல வாங்கிக்கிடச் சொன்னீயல்லா. வாங்கிட்டோம்."

இதைக் கேட்டபோதும் எனக்கு மனசு குளிர்ந்துதான் போயிற்று. ஆனால் அப்பா அங்கே அவமானப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வெளியே பெஞ்சில் இருந்தபோது, லாரியில் இறங்குகிற பெட்டிகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது, யார் மூலம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வாரம் கோயம்புத்தூர் போனார். பழைய கமிஷன் ஏஜெண்ட் வழியாக, வெளிநாட்டு டிராவலருக்கு எங்கள் பக்கத்து மில்களுக்கான ஸ்டாக்கிஸ்ட் ஆகித் திரும்பினார். பிரஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டார். அது நின்ற இடத்தில் மேஜை போட்டு, சுவரில் புது போர்டு மாட்டினார். குழந்தை வேறொரு தாயிடம் பால் குடிக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு பட்ஜெட் நாளில் அவர் வேண்டிக்கொண்டது வரி இன்னும் இறங்க வேண்டும் என்று. அதே வாயால்தான் வேண்டினார்.

சித்தியின் மில்தான் கடைசியாக வெளிநாட்டுச் சரக்குக்கு மாறியது. அங்கே ஒவ்வொரு மெஷினாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஆரம்பத்தில் அவளுக்குக் கொண்டாட்டம்.

"இழை அறவே மாட்டேங்குது. சும்மா நடந்துக்கிட்டே இருக்கேன். எனக்கே கூச்சமா இருக்கு."

கூச்சப்பட வேண்டியதுதான். மேலே இருந்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். இழை அறாவிட்டால் ஒட்டுவதற்கு ஆள் எதற்கு. இரண்டு சைடு பார்த்தவள் நாலு சைடு பார்க்கலாம். நிரந்தரமாக இருந்தவர்களை எடுக்க முடியாது, யூனியன் இருந்தது. பதிலிகளை எடுக்க ஒருவரிடமும் கேட்க வேண்டியதில்லை. பதிலிகளிலும் முதலில் யார் என்று வந்தபோது மேஸ்திரி யோசிக்கவே இல்லையாம். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நாலு சைடு எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டிருக்கிறார். விசாரணையில் வாயைத் திறக்காத அதே மேஸ்திரி.

அன்று பள்ளிக்கு விடுமுறை, நான் அம்மா வீட்டில் இருந்தேன். சித்தி மத்தியானமே வந்துவிட்டாள். தூக்குச்சட்டியில் கொண்டுபோன சோறு அப்படியே இருந்தது. விஷயத்தை என்னிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டு, முகம் கழுவி, தன் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள். அதில் அடியில் ஒட்டினதுதான் இருந்தது. புது அரிசி சம்பளம் வந்துதான் வாங்க வேண்டும். அம்மா, "விடு, பாத்துக்கிடலாம்" என்றாள்.

செத்த நேரம் கழித்து அப்பா வந்தார். கையில் பொட்டலம், காகிதத்தை மீறி நெய் வாசனை வந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, முகம் பழைய மாதிரி மலர்ந்திருந்தது.

"எதுக்கு அத்தான் பால்கோவா? பட்ஜெட்டு கூட இல்லயே" என்றாள் சித்தி.

"பட்ஜெட்டு எதுக்கு? ஒங்க மில்லு மொத்தமும் நமக்கு வந்துட்டு. இனிமே ஒரு மெசின் பாக்கியில்ல, எல்லாத்துக்கும் நம்ம சரக்குதான்."

"நம்ம சரக்கா?"

"ஃபாரின் சரக்கு. நம்ம கை வழியாப் போவுது."

அம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். அப்பாவுக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன், சித்தியை நிறுத்திவிட்டார்கள் என்று. அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். அவருக்கு வருத்தமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் வருத்தத்தை என்ன செய்வதென்று தெரியாத மனிதர், தெரிந்ததைத்தான் செய்தார். ஒரு விள்ளல் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சரி, விடுட்டி. இனிமே வேலக்கிப் போயி என்னத்துக்கு. இரு. தின்னு."

சித்தி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். வாசல் பக்கம் பார்த்தாள். நாய் எதுவும் இல்லை.

"அன்னைக்கு என் கண்ண எடுத்தது ஃபாரின்னு சொல்லச் சொன்னீய அத்தான். சொன்னேன். அப்ப அது பொய்யி. இப்ப நெசமாயிட்டு."

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சித்தி பால்கோவாவைத் தின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக, விரலில் ஒட்டியதையும் நக்கி, முழுவதையும் தின்றாள். அந்த வீட்டில் அவள் பால்கோவா தின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அம்மா உலை வைத்தாள். வழக்கமான அளவு அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, எங்கள் மூட்டையிலிருந்து இன்னும் ஓர் உழக்கு அள்ளிப் போட்டாள். சித்தி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டாள். மறுநாள் சாப்பிட்டாள்.